பத்திரம் வாசிப்போம்: வகுப்பறைக்கு வந்த ஒரு சட்டப் பாடம்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், மதிய உணவு இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் என்னைப் பார்க்க வந்தார். முந்தானையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நான்காக மடித்த ஒரு முத்திரைத் தாளை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. வீடு கட்டுற திட்டத்துல பேரு குடுக்கப் போனேன். பத்திரம் கொண்டாங்கன்னாங்க. இதைக் காட்டுனா, இது பத்திரமே இல்லைங்கறாங்க."

இருபது ரூபாய் முத்திரைத் தாள். கீழே இரண்டு கையெழுத்துகள், ஒரு கைரேகை, நோட்டரியின் வட்ட முத்திரை. மேலே 'கிரய ஒப்பந்தம்' என்ற தலைப்பு. மூன்று சென்ட் மனைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. "சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த காசு டீச்சர்" என்றார் அவர்.

நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். அரசியலமைப்பையும் அடிப்படை உரிமைகளையும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அந்த ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தும், அவருக்கு மனை சொந்தமா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "நாளைக்குக் கேட்டுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையின் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்தேன். பதிவு நாளன்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டதோடு சரி. அதன்பின் அதைத் திறந்ததே இல்லை. முதன்முறையாக வரிவரியாகப் படித்தபோது, எங்கள் மனைக்கு மேற்கில் தெரு என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வாசல் இருப்பதோ கிழக்கில்!

இரண்டு பத்திரங்களையும் புரிந்துகொள்ள நான் செய்த முயற்சியே பின்னர் ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாரப் பாடமாக மாறியது. அதில் கற்றதையும் கற்பித்ததையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு தாள், ஒரு கேள்வி

பழக்கமான வழக்கறிஞர் ஒருவரிடம் விளக்கம் கேட்டபோது அவர் சொன்ன ஒரு கருத்து எனக்குத் திறவுகோலாக அமைந்தது. நிலம் தொடர்பான ஒவ்வொரு தாளும் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஒரு தாளிடம் போய் வேறொரு தாளுக்குரிய கேள்வியைக் கேட்பதால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள் என்றார் அவர். அந்த வரிசையிலேயே முக்கியமான தாள்களைப் பார்ப்போம்.

கிரய ஒப்பந்தம்: இது பதில் சொல்லும் கேள்வி, "பின்னர் விற்பதாக யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார்?" என்பது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 54ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் ஏற்படுத்தாது. முழுத் தொகையையும் கொடுத்திருந்தாலும் நிலைமை இதுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம்.

கிரயப் பத்திரம்: "உரிமை யாரிடமிருந்து யாருக்கு மாறியது?" என்பதற்கு இதுவே பதில். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த ஆவணத்தின் மூலமே நடைபெற வேண்டும். பதிவுச் சட்டம், 1908-இன் 17ஆம் பிரிவு எந்தெந்த ஆவணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று பட்டியலிடுகிறது. எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். வட்ட முத்திரையைப் பார்த்ததும் 'கவர்மெண்ட் சீல்' என்று நம்பிவிடுகிறார்கள்.

வில்லங்கச் சான்று: "இந்தச் சொத்தின்மீது இன்ன காலத்துக்குள் என்னென்ன ஆவணங்கள் பதிவாகியுள்ளன?" என்பதற்கு இது பதில் தரும். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். பதிவாகாத உயில், வாய்மொழியாகப் பெற்ற கடன், வாரிசுகளின் பங்கு ஆகியவை இதில் வராது. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், அந்தக் காலத்தில் பதிவான வில்லங்கம் இல்லை என்பதுதான் பொருள்.

பட்டா: "வருவாய்த் துறைக் கணக்கில் இந்த நிலம் யார் பெயரில் உள்ளது?" என்பதற்கு இது பதில். மிக முக்கியமான ஆவணம்தான். ஆயினும் பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவையும் வருவாய்த் துறைக்குரியவை. பத்திரம் நம் பெயரிலும் பட்டா பழையவர் பெயரிலும் இருந்தால் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தாய்ப் பத்திரம்: "விற்பவருக்கு இது எப்படி வந்தது?" என்பதற்குப் பதில். மூலப் பத்திரம் என்றும் சொல்வார்கள். கைமாறிய வரலாற்றில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் அங்கே நின்று விசாரிக்க வேண்டும்.

பொது அதிகார ஆவணம்: பேச்சு வழக்கில் 'பவர்'. "உரிமையாளர் சார்பில் செயல்பட யாருக்கு அதிகாரம்?" என்பதற்கு இது பதில். பவரை எழுதி வாங்கிக்கொண்டதால் சொத்து நம்முடையதாகிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்கள்

பெற்றோர்கள் நம்மிடம் அதிகம் கேட்பது இவற்றைப் பற்றித்தான். சகோதரர்கள் பொதுச் சொத்தைப் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. ஒருவர் தம் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது செட்டில்மெண்ட். இறந்த பிறகு நடைமுறைக்கு வருமாறு எழுதுவது உயில்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்தால் உரிமை அப்போதே மாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறுவது கடினம். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பின் பிள்ளைகள் கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். ஆகவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

இன்னொன்று. சிறு குழந்தையின் பெயரில் மனை வாங்கும் பெற்றோர் உண்டு. இந்துக் குடும்பங்களில் அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் அதை விற்க நேர்ந்தால், தந்தையே ஆனாலும் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும்.

கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டதா?

மாணவியின் தாய் கொண்டுவந்த ஒப்பந்தத்தை வழக்கறிஞர் படித்தபோது முதலில் கேட்டது, "விற்பவருக்கு இந்த மனை எப்படி வந்தது?" என்பதுதான். விற்பவரின் தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாயும் இல்லை. மொத்த மனை ஆறு சென்ட். விற்பவருக்கு இரண்டு சகோதரிகள் உண்டு. ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை.

இதைப் பற்றிக் கேட்டபோது விற்பவர் சொன்ன பதில் நாம் அனைவரும் கேட்டுப் பழகியதுதான்: "அவங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு."

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்து தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். கல்யாணச் சீர் செய்ததால் மகளின் பங்கு மறைந்துவிடாது. பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும், 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு மகனுக்கு இணையான உரிமையைத் தமிழ்நாடு வழங்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் அரசின் திருத்தம் அதை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கிறித்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, இசுலாமியர்களுக்கு அவர்களின் தனிநபர் சட்டம் எனப் பங்கு கணக்கிடும் முறை மாறும் என்பதையும் மாணவர்களிடம் சொன்னேன்.

ஆறு சென்ட்டில் மூன்று வாரிசுகளுக்கும் தலைக்கு இரண்டு சென்ட். அண்ணன் மூன்று சென்ட்டை விற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்!

வகுப்பறையில்

எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், வேறு எண்களோடு ஒரு மாதிரிப் பத்திரம் தயாரித்தேன். ஐந்து குழுக்களுக்கும் ஒவ்வொரு படி கொடுத்தேன். யார், யாருக்கு? எந்த இடம்? எவ்வளவு? அவருக்கு எப்படி வந்தது? பதிவாகியுள்ளதா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் பத்திரத்திலிருந்தே பதில் தேடி அடிக்கோடிட வேண்டும்.

சொற்கள்: தமிழாசிரியர் உதவினார். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சுவாதீனம், செக்குபந்தி, பிரிபடாத பாகம் போன்ற சொற்களை மாணவர்கள் பட்டியலிட்டு எளிய தமிழில் பொருள் எழுதினார்கள். சுவாதீனம் என்றால் சொத்து நம் கைவசம் இருப்பது. செக்குபந்தி என்றால் நான்கு பக்க எல்லைகள்.

திசைகள்: எல்லோரையும் குழப்பியது இதுதான். பழைய பத்திரங்களில் 'தெருவுக்கு மேற்கு' என்றிருக்கும். தெருவுக்கு மேற்கே மனை இருக்கிறது என்று பொருள். அதாவது தெரு மனைக்குக் கிழக்கில் உள்ளது. புதிய பத்திரங்களிலோ 'கிழக்கில்: தெரு' என்று நேரடியாக எழுதுகிறார்கள். ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதும்போது திசை புரண்டுவிடுகிறது. எங்கள் பத்திரத்தில் நடந்ததும் அதுவே. தாய்ப் பத்திரத்தில் 'தெருவுக்கு மேற்கு' என்றிருந்ததைத் தட்டச்சு செய்தவர் 'மேற்கில் தெரு' ஆக்கிவிட்டார். என் சொந்தப் பிழையையே கரும்பலகையில் எழுதி, படம் வரையச் சொன்னேன். வரைந்து முடித்த மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அப்ப உங்க வீட்டுக்குப் பின்வாசல் வழியாத்தான் போவீங்களா?" வகுப்பே சிரித்தது. அடுத்த மாதம் விற்றவரை அழைத்துச் சென்று பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்தோம். அவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருந்ததால் ஒரு நாளில் முடிந்தது.

அளவுகள்: ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்ற தலைப்பின்கீழ் '0 - 2.50' என்றிருந்தால் அது 250 சதுர மீட்டர். சென்ட்டில் சுமார் 6.18. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், புரோக்கர் வாயில் சதுர அடி என்று மூன்றும் புழங்குவதால், மாற்றிப் பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். கணித ஆசிரியர் இதை இரண்டு பாடவேளைகளுக்கு நடத்தினார்.

சதவீதம்: தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விற்பனைத் தொகை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீது கணக்கிட வேண்டும். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு 9 சதவீதம் எவ்வளவு? 16,200 ரூபாய். "பதிவுச் செலவு பதினாறாயிரம் ஆகும், அப்புறம் பாத்துக்கலாம்னு அவரு சொன்னாரு டீச்சர்" என்று அந்தத் தாய் சொன்னது நினைவுக்கு வந்தது.

பங்கு: மாதிரிப் பத்திரத்தில் பன்னிரண்டு சென்ட் நிலம். தந்தை இறந்துவிட்டார். தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் மட்டும் கையெழுத்திட்டு ஆறு சென்ட்டை விற்கிறார். பின்னங்களில் எப்போதும் தடுமாறும் மாணவி ஒருத்தி சட்டென்று எழுந்தாள்: "டீச்சர், அவருக்கே மூணு சென்ட்தான் வருது. மீதி மூணை அவரு எப்படி விக்கலாம்?"

ஆசிரியர்களாகிய நமக்கு

முதலாவது, தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி, அசையாச் சொத்தை வாங்கவோ விற்கவோ முன்கூட்டியே உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரம் பதிந்த பிறகு நினைவுக்கு வந்தால் சிக்கல்.

இரண்டாவது, மனைப்பிரிவில் வாங்குவோர் அது அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்களை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் தவறு. ஆசிரியர்கள் கூட்டாகச் சேர்ந்து மனை வாங்கும்போது, 'நம்ம சார் சொன்னார்' என்ற நம்பிக்கையிலேயே பணம் கட்டிவிடுகிறோம்.

மூன்றாவது, நம்மிடம் தாளை நீட்டும் பெற்றோருக்கு நாம் வழக்கறிஞராக வேண்டியதில்லை. அது என்ன தாள், எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைப் படித்துச் சொல்லி, சரியான இடத்துக்கு வழிகாட்டினால் போதும். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன்படி, பெண்களும் குழந்தைகளும் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

அந்த மூன்று சென்ட்

அந்தத் தாயை அங்கேதான் அழைத்துச் சென்றேன். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963 மூன்று ஆண்டுகள் தருகிறது. ஒப்பந்தத்தில் குறித்த கெடு நாளிலிருந்து எண்ணிப் பார்த்தபோது, அவருக்கு ஐந்து மாதங்களே மீதி இருந்தன. ஒப்பந்தம் பதிவாகாதது பெரிய தடையாகுமோ என்று பயந்தேன். இத்தகைய வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக அங்கிருந்த வழக்கறிஞர் ஆறுதல் சொன்னார். ஆனாலும் சகோதரிகளின் பங்கை அண்ணனின் கையெழுத்து கட்டுப்படுத்தாது என்றார்.

அறிவிப்பு அனுப்பினார்கள். மூன்று முறை பேச்சுவார்த்தை நடந்தது. அண்ணன் தாம் வாங்கிய பணத்தில் சகோதரிகளுக்கு உரியதைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கிரயப் பத்திரம் பதிந்தார்கள். பதிவுச் செலவுக்கு அந்தத் தாய் மகளிர் குழுவில் கடன் வாங்கினார். அந்த ஆண்டு வீட்டுத் திட்டப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்கிறார்.

பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்து, புதிய பத்திரத்தின் நகலோடு பள்ளிக்கு வந்தார். பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டினேன். அவர் அதை என்னிடம் தரவில்லை. "பாப்பா நேத்தே படிச்சுக் காட்டிட்டா டீச்சர். கிழக்க தெரு, சரியாத்தான் இருக்காம்" என்றார்.

உங்கள் பள்ளியிலும் ஒரு மாதிரிப் பத்திரத்தோடு இதைத் தொடங்கலாம். தொடக்கப் பள்ளியில் நான்கு திசைகளையும் வைத்துத் தம் வீட்டின் எல்லைகளை வரையச் சொன்னாலே போதும். அதற்கு முன் இன்று மாலை, நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்தை ஒருமுறை நாமே எடுத்துப் படித்துவிடுவோம்.